பொட்டு வைத்த பெட்டி

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் நான்கு பழைய கடைவீடுகளை ஒன்றாக இணைத்துக் கட்டிய சிறிய ஹோட்டல் ஒன்றில், அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர் சரசு. இளம் வயதில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது ஐம்பத்தெட்டு வயது. இடையில் ஹோட்டலின் பெயர் இரண்டு முறை மாறிவிட்டது. சரசு அதைக் கண்டுகொள்ளவில்லை. பழைய பெயர் போட்ட துண்டுகளைத் தரை துடைக்க எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கிரிக்கெட் அவருக்கு அங்கேதான் தொற்றியது. சென்னையிலிருந்து சரக்கு வாங்க வரும் வியாபாரிகள் கீழே வரவேற்புக் கூடத்தில் டிவியைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். தலையணை உறைகளை மடித்தபடி பின்னால் நின்று பார்க்க ஆரம்பித்த சரசு, ஒரு வருடத்துக்குள் அவர்களோடு வாதம் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டார். கணவர் ரகுபதிக்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் வேலை. அவருக்கு விளையாட்டு எதிலும் நாட்டமில்லை. கல்யாணமான புதிதில், "ஒரு பந்தைப் பிடிக்கப் பதினோரு பேரா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேச்சு வாங்கினார்.

பொங்கோலில் அரசு அடுக்குமாடி ஒன்றில் வீவக வீடு கிடைத்துக் குடிவந்ததும் சரசு முதலில் செய்த காரியம் கேபிள் டிவி போட்டதுதான். சேனல் எண்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். இருட்டிலும் ரிமோட்டை அழுத்தி விளையாட்டுச் சேனலுக்குப் போய்விடுவார். கட்டணம் ஏறிக்கொண்டே போனபோதும் முணுமுணுத்தாரே தவிர விடவில்லை.

விட வைத்தது மகள் நிவேதிதா. அவள் பேச்சுப் பயிற்சி தருபவள். பக்கவாதம் வந்து பேச்சு குழறியவர்களுக்கு மீண்டும் வார்த்தைகளைப் பழக்குவது அவள் வேலை. வாரத்தில் பாதி நாள் மருத்துவமனை, மீதி நாள் வீட்டு அறையில் கணினி முன்னால். ஒரு நாள் கைப்பேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன ஆட்டம் தெரியுதா?"

சரசு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்தியப் பெண்கள் அணி ஆடிக்கொண்டிருந்தது. "இத நம்ம கேபிள்ல போடவே இல்லையே."

"போட மாட்டான். கடைசி மேட்ச் மட்டும்தான் காட்டுவான். இதுல எல்லா மேட்சும் வருது. நெட்ல வர்றத அப்படியே டிவில பாக்கலாம்மா. எதுக்கு இன்னும் கேபிளக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

சரசு யோசித்தார். பெண்கள் ஆட்டத்துக்கு அடுத்த நாள் செய்தித்தாளில் வரும் நாலு வரியோடு திருப்திப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஆனாலும் ஒரு பயம் இருந்தது. "நெட்டு படுத்துக்கிச்சுன்னா? கடைசி ஓவர்ல வட்டம் சுத்திக்கிட்டு நிக்கும். கேபிள் அப்படிப் பண்ணாது லா."

"நெட்டு படுத்தா என் வேலையும்தான் போச்சு. நான் விடுவேனா?"

நிவேதிதா சொன்னதோடு நிற்கவில்லை. செருப்பு அலமாரிக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்த ரூட்டரை வெளியே எடுத்து, சாமி மாடத்துக்குக் கீழே இருந்த தட்டில், ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வைஃபையை நம்பாமல் அங்கிருந்து டிவிக்கு நேராக ஒரு வயர் இழுத்துச் சுவரோரமாக ஒட்டினாள். கேபிளை உடனே நிறுத்த வேண்டாம், கொஞ்ச நாள் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம் என்றாள். இவள் அறையில் வீடியோ ஓட, கூடத்தில் அம்மா ஆட்டம் பார்க்க, ரகுபதி சமையலறையில் கைப்பேசியில் பழைய பாட்டுக் கேட்க, எதுவும் திக்கவில்லை.

ஒரு மத்தியானம் சரசு ஹோட்டல் துணி அறையிலிருந்து, கேபிளும் இணையமும் தரும் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். கேபிள் மட்டும் வேண்டாம், இணையம் அப்படியே இருக்கட்டும் என்றார். மறுமுனையில் பேசிய பெண் லேசில் விடுவதாக இல்லை. சினிமாச் சேனல்கள் இலவசம் என்றாள். புதுப் பெட்டி தருவதாகவும் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மாடி, நானும் ஹோட்டல்லதான் வேல பாக்குறேன்," என்றார் சரசு. "கெஸ்ட் கெளம்பும்போது இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்கன்னு நானும் சொல்றதுதான். ஆனா பெட்டியத் தூக்கிக்கிட்டு லிஃப்ட் முன்னாடி நிக்கிறவங்கள இழுத்து வெக்க மாட்டேன். நான் லிஃப்ட் முன்னாடி நிக்கிறேன்மா."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கேபிள் நின்றது. இணையம் தொடர்ந்தது. பெட்டியை மட்டும் சிராங்கூன் சாலைப் பக்கம் இருக்கும் அவர்கள் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த வேலையை ரகுபதி எடுத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டைத் துடைத்து அடுக்குவதில் அவருக்கு இணை கிடையாது. பெண்கள் தொடரின் கடைசி ஆட்டம் நடக்கவிருந்த வியாழக்கிழமை காலையில் சரசு வேலைக்குக் கிளம்பும்போது, "அந்தக் கேபிள் சாமானக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தரை மணி வாக்கில் நிவேதிதா கதவைச் சாத்திக்கொண்டு கமலா என்ற அம்மாவுக்கு வீடியோவில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். கமலா முன்பு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு ஒற்றை வார்த்தைகள்தான் வரும். 'காப்பி' வரும், 'வேணாம்' வரும். இரண்டையும் சேர்த்துச் சொல்லச் சொன்னால் தலையை ஆட்டிவிடுவார். அன்று வாயைத் திறந்து ஏதோ சொல்ல முயன்ற நேரத்தில் திரையில் அவர் முகம் அப்படியே உறைந்து நின்றது.

நிறுவனம்தான் கேபிளோடு சேர்த்து இணையத்தையும் வெட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிவேதிதா கோபமாகக் கூடத்துக்கு வந்தாள். சாமி மாடத்துக்குக் கீழே தட்டு பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. ரூட்டர் மட்டும் தனியாகச் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஃபைபர் வயரை வளையமாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தது. வயரின் நுனியில் இருக்க வேண்டிய ஃபைபர் பெட்டியைக் காணோம். அப்பாவையும் காணோம்.

ரகுபதியின் கைப்பேசி வெகுநேரம் கழித்துத்தான் எடுக்கப்பட்டது.

"எல்லாத்தையும் குடுத்தாச்சு," என்றார் அவர் திருப்தியோடு. "கறுப்புப் பெட்டி, வெள்ளப் பெட்டி, ரெண்டு அடாப்டர். இப்பத்தான் ரயில் ஏறினேன்."

"அப்பா. வெள்ளப் பெட்டிலதான் நெட்டு வருது."

ரயில் சத்தத்துக்கு நடுவில் மெதுவாக, "அது கம்பெனி பேர் போட்டிருந்துச்சே" என்றார்.

நிவேதிதா சரசுவைக் கைப்பேசியில் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு வந்தது. கமலா. வழக்கமாக அவருடைய மருமகள்தான் பேசுவாள். இன்று அவரே பேசினார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, கொஞ்சம் எரிச்சலோடு. "நிவேதிதா. நெட்டு... போச்சு. நான்... பேசிக்கிட்டே இருக்கேன்."

ஆறு மாதத்தில் அவர் சொன்ன முதல் முழு வாக்கியம். நிவேதிதா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லுங்க ஆன்ட்டி," என்றாள். சொன்னார். இந்த முறை எரிச்சல் இன்னும் கூடுதலாக இருந்தது. வார்த்தைகளும் அதிகமாக வந்தன. பயிற்சியின் மீதி நேரம் தொலைபேசியிலேயே நடந்தது.

ஜாலான் புசாரிலிருந்து அந்தக் கடைக்கு நடந்தே போய்விடலாம். மத்தியான இடைவேளையில் சரசு சீருடையோடு போய் நின்றார். முகப்பில் அர்ஃபான் என்ற ஊழியர் இருந்தார், முப்பது வயது இருக்கும், தமிழ் பேசினார். விஷயத்தைக் கேட்டதும் பின்னாலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை இழுத்து வந்தார். திருப்பிக் கொடுத்த பெட்டிகள் அதில் குவிந்து கிடந்தன. எல்லாம் வெள்ளை. எல்லாம் ஒரே அளவு.

"உங்க கணவர் எல்லாத்தையும் ஒரே பையில குடுத்தாரு ஆன்ட்டி. நானும் கவனிக்காம வெள்ளப் பெட்டிய இதுல போட்டுட்டேன். ஒவ்வொண்ணா நம்பரப் பாத்து எடுக்கணும். கொஞ்சம் நேரமாகும், ஓகேவா?"

"எதுக்கு நம்பரு?" என்றார் சரசு. "எங்க பெட்டிக்குப் பொட்டு இருக்கும்."

அர்ஃபானுக்குப் புரியவில்லை. ஆயுத பூசையன்று சரசு வீட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை. சோற்றுப் பானை, தையல் மெஷின், துணி துவைக்கும் மெஷின், நிவேதிதாவின் கணினி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் பெட்டியை மட்டும் விடுவாரா?

அர்ஃபான் தொட்டிக்குள் கையைவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில், நெற்றியில் காய்ந்த சந்தனமும் நடுவில் கலைந்த குங்குமமுமாக ஒரு பெட்டி மேலே வந்தது.

"இந்தாங்க ஆன்ட்டி," என்றார். "இத்தனை வருஷ வேலையில இப்படி ஒரு செட்ட நான் பாத்ததே இல்ல." திருப்பிக் கொடுத்தவற்றின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டு, எண்ணையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். "ஆட்டம் எத்தன மணிக்கு?" என்றும் கேட்டார். சாயங்காலம் ஆட்டம் இருப்பதை, அவசரத்தில் சரசு வந்தவுடனேயே சொல்லியிருந்தார்.

வேலை முடித்து வீடு வந்து சேர்ந்தபோது முதல் பாதி முடியும் நேரம். ஆட்டம் நடப்பது ஆஸ்திரேலியாவில், அதனால் நம் ஊரில் சாயங்காலத்தோடு முடிந்துவிடும். ரகுபதி வாசலிலேயே காத்திருந்தார். மனைவி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நிவேதிதா வயரைச் செருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. டிவியில் படம் வந்தது.

"எம் மேல கோவமா?" என்று கேட்டார் ரகுபதி.

"மேட்ச் முடியட்டும், சொல்றேன்," என்றார் சரசு.

இந்தியா விரட்ட வேண்டிய இலக்கு பெரியது. இரண்டு விக்கெட் சட்டென்று போனது. சரசு தேநீர் போடச் சமையலறைக்குப் போனார். சன்னல் வழியே கீழ்த்தளத்திலிருந்து ஒரு கத்தல் கேட்டது. கீழ் வீட்டு ரவூப். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், சரசுவைவிடப் பெரிய கிரிக்கெட் பைத்தியம், குரலும் பேருந்துக்கு ஏற்ற குரல். என்ன ஆயிற்றோ என்று சரசு ஓடி வந்து பார்த்தால், திரையில் பந்து வீச்சாளர் அப்போதுதான் நடந்து போய்க்கொண்டிருந்தார். வீசினார். சிக்ஸர்.

சரசுவுக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ரவூப் வீட்டில் இன்னும் கேபிள்தான். அங்கே காட்டி முடித்தது, இணையத்தில் சுற்றி இங்கே வந்து சேர அரை நிமிடம் ஆகிறது.

அவர் தேநீரை ரகுபதியிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் சன்னலோரம் போய் நின்றார். கீழே, "அட ச்சே" என்று கேட்டது.

"ஒரு விக்கெட் போகப் போகுது, பாருங்க," என்றார் கூடத்தைப் பார்த்து.

போனது. ரகுபதி கோப்பையை வாயருகிலேயே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அடுத்த ஓவரில், "இப்ப நாலு" என்றார் சரசு. நாலு. "ரன் அவுட்டாகப் பாக்கும், ஆனா ஆகாது." ஆகவில்லை. ரகுபதிக்கு மனைவி மேல் இருந்த மரியாதை அந்த அரை மணி நேரத்தில் எங்கேயோ உயர்ந்துவிட்டது. அறையிலிருந்து வந்த நிவேதிதாவிடம், "உங்கம்மா ஆட்டத்தப் படிச்சே சொல்றாடி" என்றார். நிவேதிதாவுக்குச் சன்னல் பக்கம் ஒரு கத்தல் கேட்டது. அவள் குனிந்துகொண்டு சிரித்தாள், காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசி ஓவர் வந்தபோது விளையாட்டெல்லாம் போய்விட்டது. சரசு நாற்காலியின் நுனியில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பந்து பாக்கி, ஐந்து ஓட்டம் வேண்டும். ஒரு பந்து வீணானது. அந்தச் சமயத்தில் கதவு படபடவென்று தட்டப்பட்டது. நிவேதிதா திறந்தாள். படியேறி ஓடிவந்த மூச்சிரைப்போடு ரவூப், கையில் ஒரு தட்டு கறிபஃப் பலகாரம், வாய் கொள்ளாத சிரிப்பு.

"சரசக்கா, பாத்தீங்களா," என்று தொடங்கியவர் டிவியைப் பார்த்தார். அங்கே கடைசிப் பந்தை இன்னும் வீசவே இல்லை.

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் சரசு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாயத் தெறந்தீங்கன்னா இந்த ஜென்மத்துல பேச மாட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மூஞ்சி சொல்லுது. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

ரவூப் தட்டோடு சுவரைப் பார்த்து நின்றார். தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிக்க ரகுபதி எட்டி எட்டிப் பார்த்தார். திரையில் பந்து வீச்சாளர் ஓடி வந்தார். கடைசிப் பந்து மட்டையின் விளிம்பில் பட்டு உயரே எழுந்தது. எல்லைக் கோட்டருகில் ஒரு பெண் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னோக்கி ஓடினாள். பந்து அவள் விரலைத் தொட்டுக் கோட்டுக்கு அப்பால் விழுந்தது. நடுவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

சரசு கத்தியதில் எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். ரவூப்பும் திரும்பிச் சேர்ந்து கத்தினார். ரகுபதி எதற்கென்று சரியாகத் தெரியாமலேயே இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"எனக்கு ரெண்டு தடவ ஜெயிச்ச மாதிரி இருக்கு," என்றார் ரவூப், கறிபஃபைத் தானே முதலில் எடுத்துக் கடித்தபடி. "அப்ப இவ்வளவு நேரம் நான் கத்துனதெல்லாம் உங்களுக்குக் கேட்டிருக்குமே?"

ரகுபதி கோப்பையைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். மறுபடியும் மனைவியைப் பார்த்தார்.

"இப்ப சரியாப் போச்சு," என்றார் சரசு. "நீங்க பெட்டியத் தூக்கிக் குடுத்ததுக்கும் இதுக்கும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேபிள் திரும்பி வரவில்லை. கமலா இப்போது மருமகளோடு சண்டை போடும் அளவுக்குப் பேசுகிறார். மருமகளே அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். ரவூப் கேபிளை விடுவதாக இல்லை. முதலில் தெரிந்துகொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது என்கிறார். ஆனால் நல்ல ஆட்டம் என்றால் கடைசி ஐந்து ஓவருக்குத் தன் வீட்டு டிவியை அணைத்துவிட்டு மேலே வந்துவிடுகிறார். வரும்போது தின்ன ஏதாவது கொண்டுவருவார். ரகுபதி அவருக்கு நாற்காலி போட்டு வைத்துவிட்டு, கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள், எதற்காக ஆடுகிறார்கள் என்றெல்லாம் அவரிடம் விலாவாரியாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.