யாரைக் கூப்பிட?

இது நடந்தது. அப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் குடித்திருக்கவில்லை, தூங்கவும் இல்லை. 1974 மார்கழி, ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் நாலே கால். வெளிச்சம் இருக்கவேண்டிய நேரம்.

திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி ஓர் ஆஸ்பத்திரி. பெயரை எழுதப்போவதில்லை. தாதிப் பயிற்சிக்காகத் தெற்கிலிருந்து அங்கே வரும் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. நோயாளிகளோடு கதைக்கக் கற்பிக்க ஓர் ஆள் தேடினார்கள். நான் பி.ஏ. படித்தவன், சிங்களமும் ஓரளவு வரும். போனேன்.

போனதற்குக் காரணம் வேறு. அந்த வருடம் சித்திரையில் என் மனைவி இரத்தினேஸ்வரி, என் ஈசு, அங்கேதான் இறந்தாள். இருதய வருத்தம். வயது இருபத்து மூன்று. பெண்கள் வாட்டுக்குள் இரவில் ஆண்களை விடமாட்டார்கள். நான் விடியும்வரை கேற்றடியில் நின்றேன். காலை ஆறு மணிக்கு ஒரு சிஸ்டர் வந்தார். இப்போதுதான் போனாள் என்றார். நித்திரையிலேயே போய்விட்டாள், ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

மூச்சு முட்டும்போதெல்லாம் அவளுக்கு என் கை வேண்டும். அவள் ஒன்றும் கேட்காமல் போனாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டாளா, இல்லையா? எனக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. எட்டு மாதமாக யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை.

வகுப்பறையில் ஓர் இரும்புக் கட்டில் இருந்தது. ஒருத்தி நோயாளியாகப் படுக்கவேண்டும், மற்றவள் தாதியாக நிற்கவேண்டும். முதலில் தன் பெயரைச் சொல்லவேண்டும். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடவேண்டும். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நிற்கவேண்டும். பெரும்பாலும் நிற்கமாட்டார்கள், கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுவார்கள்.

தேநீர் கொண்டுவரும் நஜ்முன் நிஸா அதைப் பார்த்துச் சிரிப்பாள். கிண்ணியாக்காரி, வாட்டில் அட்டெண்டன்.

"சேர், இவளுகளுக்குக் 'கொஞ்சம் பொறுங்கோ' மட்டும் நல்லா வருது. மத்ததெல்லாம் பல்லுக்குள்ள சிக்குது."

பிள்ளைகளும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. நாலு மணிக்குக் கரண்ட் போனது. துறைமுகம் தெரியவில்லை. பியசீலி கட்டிலில் படுத்தாள். வந்து ஒரு மாதம்தான். 'நோகுது' என்ற சொல்லே அவள் வாயில் உடையும். நந்தாவதி தாதியாக நின்றாள்.

"நான் நந்தாவதி. கையைத் தொடப்போறன்."

தொட்டாள். சட்டென்று கையை எடுத்தாள். என்னைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள், ஐஸ் மாதிரிக் குளிர்கிறது என்று.

"தமிழில சொல்லுங்கோ" என்றேன்.

பின்வரிசையில் சிரித்தார்கள்.

"யாரைக் கூப்பிட?" என்று நந்தாவதி கேட்டாள்.

நான் கற்பித்த பதில்: 'பாலசிங்கம். என்ட அண்ணன்.'



மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. குட்டி மூச்சு... இன்னொன்று... மூன்றாவதில் ஒரு தடக்கல்.

எனக்கு அந்த மூச்சைத் தெரியும். ஒன்றரை வருடம் அதன் பக்கத்தில் படுத்தவன் நான்.

"எங்கட ஆளை."

படிக்கிற பிள்ளையின் தமிழ் அல்ல அது. கட்டைபறிச்சானில், என் மனைவியின் ஊரில், பிறந்து வளர்ந்தவளின் தமிழ்.

நந்தாவதி ஒழுங்குப்படி கேட்டாள். "பேர் என்ன?"

"பேர் சொல்லமாட்டன்... கேற்றடியில நிக்கிறார்... சட்டைப் பையில மை கொட்டிக்கிடக்கு. பாத்தாத் தெரியும்."

அவள் ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை.

நந்தாவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

"கொஞ்சம் பொறுங்கோ."

"பொறுத்துக்கொண்டுதானே கிடக்கிறன்..."

என் பின்னால் தேநீர்த் தட்டு விழுந்து சிதறியது.

"ஈசு... நான் இஞ்ச நிக்கிறன்."

சொன்னது நான்தான்.

மூச்சு... ஒன்று.

இரண்டு.

மூன்றாவது வரவில்லை.

கரண்ட் வந்தது. பியசீலி எழுந்து உட்கார்ந்தாள்.

"பாலசிங்கம். எண்ட... அன்னன்" என்றாள். "சரியா, சேர்?"

நான் வகுப்பை முடித்தேன். நடையில் நஜ்முன் நிஸா சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"அந்த ராவு வாட்டில நிண்டது நான்தான், சேர். அது அந்தப் புள்ளட குரல்."

"என்னைக் கூப்பிட்டவவோ?"

"ஓம் சேர். 'எங்கட ஆளைக் கூப்பிடுங்க'ண்டு கேட்டுக்கிட்டே கிடந்தா. பேரக் கேட்டா தலய ஆட்டுவா, சொல்லமாட்டா. கேற்றடியில ஆம்புளையள் ஒரு கூட்டம். ஆரெண்டு கூப்பிடுற? நேர்ஸ் பொறுங்கண்டுட்டா."

எட்டு மாதமாகத் தேடிய பதில். கையில் எடுத்தபோது பாரமாக இல்லை. ஒன்றுமாகவே இல்லை.

"சட்டையில மை எண்டு சொன்னவ. அப்பவாவது விளங்கேல்லையோ?"

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள்.

"மையா? அந்த ராவு அப்பிடி ஒண்டும் சொல்லல்ல, சேர். சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே. இண்டைக்குத்தான் நான் கேட்ட."

எப்படிச் சொல்லியிருப்பாள்? மை கொட்டியது விடியப்புறம் ஐந்து மணிக்கு. குழாயடியில் முகம் கழுவக் குனிந்தபோது பேனை மூடி கழன்றது. உடனே சால்வையால் மூடிக்கொண்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் சட்டையை எரித்தேன்.

ஆறு மணிக்குத்தானே போனாள். ஐந்துக்கு உயிர் இருந்திருக்கும். ஜன்னலால் கண்டிருப்பாள்... அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன்.

"எத்தினை மணிக்குப் போனவ? உண்மையைச் சொல்லுங்கோ."

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"ஒரு மணிக்கே மவுத்தாப் போயிட்டா, சேர். டொக்டர் வந்து பாக்கும்வரைக்கும் வெளியில சொல்லவேணாமெண்டாங்க. நான்தான் முகத்த மூடின."

ஒரு மணி.

ஐந்து மணிக்குக் குழாயடியில் என்னை ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.