நைனா போன பிறகு தெரு

முதுகலை இரண்டாம் ஆண்டில் நான் எடுத்துக்கொண்ட ஆய்வுத் தலைப்பைக் கேட்டு எங்கள் தெருவில் சிரிக்காதவர்கள் குறைவு. ஒரு திரைப்படத்தில் ஓர் ஆள் சட்டகத்தை விட்டு எப்படி வெளியேறுகிறார் என்பதைக் கொண்டு அதன் இயக்குநரின் பாணியை அடையாளம் காண முடியுமா என்பதுதான் தலைப்பு.

“ஆளுங்க போறத பாக்கறதுக்கு எதுக்கும்மா காலேஜி? காலைல எங்க வாசல்ல வந்து குந்து. தெருவே ஷிப்டுக்குப் போவும், ஓசில பாக்கலாம்” என்றார் எதிர்வீட்டு அக்கா.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கவரைப்பேட்டையில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் சினிமா படிக்கிறேன் என்று சொல்லும்போது என் கழுத்து தானாகவே கொஞ்சம் நிமிரும். அதை நான் மறைத்ததும் இல்லை.

தலைப்பு பிறந்தது வகுப்பில் நடந்த ஒரு வாக்குவாதத்தில். எங்கள் பேராசிரியை ஒரு பழைய படத்தின் கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினார். கணவன் வேலை தேடி ஊரை விட்டுப் போகிறான். மனைவி வாசலில் நிற்கிறாள். அவன் தெருக்கோடிவரை நடந்து மறைகிறான். ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை. கல்நெஞ்சன் என்றான் ஒரு மாணவன். அந்நியமாதல் என்றாள் இன்னொருத்தி, நாங்கள் அந்த வாரம்தான் கற்றுக்கொண்ட சொல் அது.

“எங்க ஊர்ல யாருமே திரும்பிப் பாக்க மாட்டாங்க, மேடம்” என்றேன் நான்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள். உலைக்கு முன்னால் நிற்கப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. போகிறவரும் தலையைத் திருப்பக் கூடாது. டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனால்கூடப் பெண்கள் குரல் கொடுக்க மாட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவரைத் தாண்டிப் போய், முன்னால் நின்று மூச்சிரைக்கக் கொடுப்பார்கள். போனவரே ஏதாவது எடுக்க வீட்டுக்கு வர நேர்ந்தால் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அது வேறு பயணம் என்று கணக்கு. அந்தப் படத்துக் கணவனும் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்றுதான் முதுகைக் காட்டியபடியே நடந்தான். இதையெல்லாம் நான் சொல்லி முடித்தேன். “இத அப்படியே எழுது” என்றார் பேராசிரியை.

எழுதத் தொடங்கியபிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் வெளியேறுகிறவர்களை மட்டுமே பார்த்தேன். ஓர் இயக்குநர், போகிறவரின் கை தாழ்ப்பாளில் பட்டவுடன் காட்சியை வெட்டிவிடுவார். போவதென்று முடிவெடுத்தாயிற்று, இனி பார்க்க என்ன இருக்கிறது என்பதுபோல. இன்னொருவரின் கேமரா போகிறவருடன் கூடவே நகரும், வழியனுப்ப வந்த சொந்தக்காரர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவதுபோல. எனக்குப் பிடித்தவர் மூன்றாமவர். அவர் கேமராவை நகர்த்தவே மாட்டார். ஆள் சிறிதாகி மறைந்த பிறகும் ஷாட் ஓடிக்கொண்டிருக்கும். சுவர், மரம், வெயில். முதலில் பொறுமை போகும். பிறகு இல்லாத ஆளை அந்த இடத்தில் நம் கண் தேடத் தொடங்கும்.

அவருடைய ஒளிப்பதிவாளர் இப்படிப்பட்ட இடங்களில் நீளமான லென்ஸையே பயன்படுத்துவார். அகல லென்ஸில் நாலு எட்டு வைத்தாலே ஆள் புள்ளியாகிவிடுவார். நீள லென்ஸில் அவர் நடந்துகொண்டே இருப்பார், ஆனால் தூரம் போனதாகத் தெரியாது. இதைப் படித்த அன்று ரயிலில் வரும்போது நைனாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நைனா என் அப்பா. தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஓர் ஆலையில் வேலை பார்த்தவர், அங்கே வேலை குறைந்ததும் மஸ்கட்டில் ஓர் இரும்பு ஆலைக்குப் போனார். எழுதத் தெரியாது. போனில் குரல் பதிவாகப் பேசித்தான் அனுப்புவார், வீடியோவில் வருவார். வீடியோவில் வருவது நெற்றி, மூக்கு, தலைக்கு மேலே சுற்றும் ஒரு மின்விசிறி. போனை மடியில் வைத்துக்கொண்டு பேசும் பழக்கம். எப்போதும் குளோசப்.

எனக்குத் தெரிந்த நைனா அதுவல்ல. பள்ளிக்கூடக் காலம் முழுக்க என்னை டி.வி.எஸ் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டவர் அவர். சட்டைக் காலரின் பிய்ந்த ஓரம், பிடரியில் நெருப்புப்பொறி பட்ட தழும்பு, வியர்வை முதுகில் வரையும் வெள்ளைக் கோடு. அவர் முகத்தைவிட முதுகை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த முதுகைக் காட்ட எந்தப் போனுக்கும் தெரியவில்லை.

அதனால் ஆய்வின் செய்முறைப் பகுதியாக ஒரே ஷாட்டில் ஒருவர் வெளியேறுவதைப் படமெடுத்துக்கொண்டு வரப் பேராசிரியை சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை. நைனா விடுப்பில் வரப்போகிறார். திரும்பிப் போகும் நாளில் அவர் எங்கள் தெருவில் நடந்து போவதை எடுப்பேன். அடுத்த விடுப்பு வரைக்கும் அந்த முதுகு என்னிடம் இருக்கும். மதிப்பெண் அதற்குப் பிறகுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை ஒத்திகை பார்த்தோம். கல்லூரியில் வாங்கி வந்த கேமராவை வாசலில் ட்ரைபாடில் நிறுத்தினேன். நீள லென்ஸில் ஃபோகஸ் கத்தி முனை அளவுக்குத்தான் நிற்கும், ஆள் நகர நகர நானும் லென்ஸின் வளையத்தைத் திருப்ப வேண்டும். அதற்காகத் தெரு ஓரத்தில் குழாயடி, கரண்ட் கம்பம், கொடிக்கம்பம் என்று மூன்று இடத்தில் கோலமாவால் புள்ளி வைத்தேன். லென்ஸிலும் அவற்றுக்கேற்ப அடையாளம் ஒட்டினேன்.

“நான் ஆக்‌ஷன்னு சொன்னா நீ நடக்கணும், நைனா.”

“சொல்லு சொல்லு. பெரிய டைரக்டரு.”

காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முதுகைக் காட்டி நின்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.

“ஏண்டி, போற மனுசன் முதுவுல குரல் குடுப்பியா? இதான் படிச்சியா?”

“இது ஒத்திகம்மா. நாளைக்குத்தான் போறாரு.”

“நாளைக்கும் இதானே கத்துவ?”

நைனா திரும்பாமலே நின்றுகொண்டிருந்தார். “இன்னா, நான் நடக்கட்டுமா வேணாவா? பெட்டி காலியா கீது, ஆனா கையி வலிக்குது.”

கடைசியில் எதிர்வீட்டு அக்காதான் வழி சொன்னார். தெருவில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்ததால் ஆட்டோ உள்ளே வராது, தெருமுனையில்தான் நிற்கும். ஆட்டோக்கார அண்ணனுக்கு நான் போன் செய்ய வேண்டியது, அவர் ஹார்ன் அடிக்க வேண்டியது. சத்தம் முன்னாலிருந்து வந்தால் குற்றமில்லை. அம்மாவும் ஒப்புக்கொண்டார். உலகத்தில் எந்தப் படப்பிடிப்பிலும் ஆக்‌ஷனுக்குப் பதில் ஆட்டோ ஹார்ன் அடித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன், பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் மாலை வெயில் சாய்ந்து தெருவுக்கு நேரெதிரே வந்தது. ஆலைப் பக்கமிருந்து வரும் தூசி அந்த வெளிச்சத்தில் பொன்னாகத் தொங்கியது. நைனாவின் தோள் ஓரம் முழுக்க ஒரு கோடு மின்னியது. ஸ்டேஷனுக்கு நாங்கள் யாரும் போவதில்லை. நாங்கள் பிளாட்பாரத்தில் நின்றால் தனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றும் என்பார் அவர். ஆகவே தெருதான் எல்லாம்.

ஹார்ன் அடித்தது. நைனா நடந்தார்.

நான் ஒன்றை யோசித்திருக்கவில்லை. ஒத்திகையில் பெட்டி காலி. இப்போது அதில் அரிசி, மிளகாய்த்தூள், ஊறுகாய், கருவாடு எல்லாம் இருந்தன. கனமான பெட்டியைத் தூக்கியவர் மெதுவாகப் போவார் என்று நினைப்போம். போக மாட்டார். உடம்பை ஒருபக்கம் சாய்த்து, சீக்கிரம் இறக்கிவைக்க வேண்டும் என்று வேகவேகமாக நடப்பார். நான் குழாயடிக்கு வளையத்தைத் திருப்பும்போது அவர் கம்பத்தைத் தாண்டிவிட்டார். கம்பத்துக்கு வந்தபோது கொடிக்கம்பத்தில் இருந்தார். ஓர் இடத்தில்கூட அவரை என்னால் எட்டிப்பிடிக்க முடியவில்லை. கலங்கிய ஒரு நிழல் சாய்ந்து சாய்ந்து போய் மறைந்தது. நில்லு நைனா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது தெருமுனையிலிருந்து அவர் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தார். பெட்டி ஆட்டோவில் இருந்தது.

“மூக்குக் கண்ணாடி டிவி மேல வச்சிட்டேன்.”

“உக்காருங்க மொதல்ல” என்று அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. எனக்கோ அந்தக் கண்ணாடியைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

நைனா தண்ணீரைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “வந்துச்சா, கண்ணு?”

“இல்ல நைனா. கலங்கலா பூட்ச்சி.”

“அதுக்கின்னா, இப்ப புதுசாத்தானே கெளம்பறேன். எடுத்துக்கோ. நீ எவ்ளோ மெதுவா சொல்றியோ அவ்ளோ மெதுவா போறேன். ரயிலு போனா போவட்டும்.”

இரண்டாம் முறை அவர் வெறுங்கையோடு, என் புள்ளிகளுக்கு ஏற்றபடி நடந்தார். குழாயடி, கரண்ட் கம்பம், கொடிக்கம்பம். பிடரித் தழும்புகூடத் தெளிவாக விழுந்தது. திருப்பத்தில் மறைந்தார். நான் அந்த மூன்றாம் இயக்குநரை நினைத்துக்கொண்டு கேமராவை நிறுத்தாமல் காலித் தெருவை ஓடவிட்டேன். வெயில், தூசி, தோண்டிப்போட்ட மண் மேடு. ஆட்டோ கிளம்பும் சத்தம்.

பிறகு அம்மா சட்டகத்துக்குள் நடந்து வந்தார். நேராகத் தெரு நடுவில் போய், எனக்கு முதுகைக் காட்டி, கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் காலித் தெரு கெட்டது. எனக்கு எரிச்சல். கூப்பிட்டால் குற்றமில்லை, அம்மா எங்கேயும் போகவில்லை; ஆனாலும் முதுகுக்குப் பின்னால் குரல் கொடுக்க வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேமராவை நிறுத்தினேன்.

கல்லூரியில் கொடுத்தபோது அம்மா உள்ளே வருவதற்கு முன்னால் வெட்டிவிட்டேன். பெரிய திரையில் போட்டார்கள். ஒளியைப் பாராட்டினார்கள். “நடிகர் யாரு? நடையில அவ்வளவு நிதானம்” என்று கேட்டார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். என் அப்பா என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி. நல்ல மதிப்பெண் வந்தது.

ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது நான் போட்டுப் பார்த்தது கலங்கலாக வந்த முதல் ஷாட்டை. தெளிவாக வந்ததில் நைனா எனக்காக நடக்கிறார். சாய்ந்து சாய்ந்து ஓடும் அந்த நிழல்தான் என்னை வண்டியில் ஏற்றிப் போன ஆள்.

மதிப்பெண் வாங்கிய படத்தை நைனாவுக்கும் அனுப்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அவருடைய விடுமுறை நாள், வீடியோவில் வந்தார். வழக்கம்போல நெற்றி, மூக்கு, மின்விசிறி.

“ரூம்ல அல்லாரும் பாத்தாங்க. நல்லா கீதுன்னாங்க” என்றார். “கண்ணு, நான் போன அப்பால தெரு மட்டும் வருது பாரு. அதுக்கு மேல இல்லியா?”

“ஏன் நைனா?”

“இத்தினி வருசமா போய்க்கினு கீறேன். நான் போனப்புறம் அங்க இன்னா நடக்குதுன்னு ஒரு வாட்டியும் பாத்ததில்ல. உங்கம்மா உடனே உள்ள போயிடுவாளா?”

வெட்டாத முழு ஷாட்டை அனுப்பினேன். அழைப்பைத் துண்டிக்காமல் அவர் அதை அறையிலிருந்த ஒருவருக்கு அனுப்பி, அவர் போனை வாங்கி அதில் பார்த்தார். என் திரையில் அவர் கன்னத்தின் ஓரமும் காதும் மட்டும் தெரிந்தன. அந்தப் போனில் எங்கள் தெருவின் காக்காய்ச் சத்தம், ஆட்டோ சத்தம், பிறகு எதுவுமில்லை. அந்த எதுவுமில்லாத இடத்தில்தான் அம்மா நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். முடிந்தது. மறுபடி காக்காய்ச் சத்தம் தொடங்கியது.

மூன்றாம் முறையும் பார்த்துவிட்டுக் கேட்டார். “இதுக்கு மேல எடுக்கலியா? எப்ப உள்ள போனா?”

“தெரியல நைனா. நான் கேமராவ கழட்டி உள்ள வச்சிட்டு வந்தப்பவும் அங்கியேதான் நின்னுக்கினு இருந்தாங்க.”

அவர் போனைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“அடுத்த தபா நிறுத்தாத” என்றார்.