படம் இல்லாத கணக்குப் பாடம்

கரும்பலகையில் சாக்பீஸ் உரசுகிற சத்தம். பின்னால் ஒரு மின்விசிறியின் கடகடப்பு. நடுவில் ஓர் ஆணின் குரல்... "இதை இங்கே கொண்டு வந்து எழுதுறோம், பார்த்தீங்களா?"

அஞ்சுகிராமத்தில் எங்கள் வாடகை வீட்டு அடுக்களையில், தேங்காய் துருவும் சத்தத்தோடு சேர்த்து இந்தக் குரலை ஒரு கோடையில் நாள் தவறாமல் கேட்டிருக்கிறேன்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். பகலெல்லாம் பைக்கில் அலைச்சல். மனைவி ஜெயா கைக்குழந்தையோடு வீட்டில். அவள் பி.காம். படித்தவள், ஆனால் முடித்தவள் இல்லை. கணக்குப் பதிவியலில் ஒரே ஒரு தாள் அரியர். கல்யாணம், பிரசவம் என்று அது தள்ளிக்கொண்டே போயிருந்தது.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பழைய பாடத்திட்டத்துக்கு இதுவே கடைசித் தேர்வு. தேறாவிட்டால் மூன்று வருஷப் படிப்பும் வீண்.

டியூஷன் நாகர்கோவிலில், அதுவும் சாயங்காலம். பிள்ளையை விட்டுவிட்டுப் போக வழியில்லை. வீட்டில் இன்டர்நெட்டும் கிடையாது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நாசரின் மொபைல் கடை இருந்தது. ரீசார்ஜ் செய்வது, மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது... அந்த மாதிரிக் கடைகள் உங்களுக்கும் நினைவிருக்கும். நாசருக்குச் சொந்த ஊர் கோட்டாறு. அவர் கம்ப்யூட்டரில் எந்நேரமும் ஏதாவது இறங்கிக்கொண்டே இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்கள் என்றால் அவருக்கு ஒரு தனி ஆசை. இயற்பியல், தையல், ஏசி மெக்கானிக் வேலை, பேச்சு ஆங்கிலம், தேனீ வளர்ப்பு... எது கிடைத்தாலும் இறக்கி வைப்பார். பாட்டு ஏற்றியது போகக் கார்டில் இடம் மிச்சமிருந்தால், காய்கறியோடு கறிவேப்பிலையைப் போட்டுக் கொடுப்பதுபோல ஒரு பாடத்தையும் போட்டுக் கொடுப்பார். எனக்குக் கடலரிப்பைப் பற்றி ஒன்று கிடைத்தது. அதை வைத்து ஒரு கட்டுரையே எழுதினேன்.

ஜெயாவின் தாளைச் சொன்னதும் தேடிப் பிடித்தார். எங்கோ ஒரு கல்லூரிப் பேராசிரியர் தன் வகுப்பை முழுசாகப் படம்பிடித்து எல்லோருக்கும் பொதுவாகப் போட்டிருந்தார்.

கார்டைப் போனில் போட்டால் திரை கறுப்பாக இருந்தது. குரல் மட்டும் வந்தது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெயா கடைக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

"தம்பி, இங்க எழுதுகேன், இங்க எழுதுகேன்னு சொல்லுகாரு. எங்க எழுதுகாரு?"

நாசர் பெருமையாகத்தான் பதில் சொன்னார். "பாட்டு ஏத்துக மாதிரி, படத்த எடுத்துட்டு சத்தத்த மட்டும் ஏத்தியிருக்கேன்க்கா. இல்லேன்னா ஒரு கார்டுல பாதிகூட கொள்ளாதுல்லா."

இடம் வேண்டுமென்று படத்தை அழித்தும் விட்டிருந்தார். திரும்ப இறக்க அன்றைய வேகத்தில் இரண்டு மூன்று வாரம் ஆகும். தேர்வு அடுத்த மாதம்.

மறுநாள் காலை என் பையிலிருந்து பழைய பத்திரிகைக் குறிப்புத் தாள்களை எடுத்துக்கொண்டாள். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. பேராசிரியர் கணக்கை முழுசாக வாசிப்பார். அதை எழுதிக்கொண்டு போனை நிறுத்துவாள். நடுவில் கோடு கிழித்து, எந்தத் தொகை எந்தப் பக்கம் போகும் என்று தானே போட்டுப் பார்ப்பாள். பிறகு போனை ஓடவிட்டுக் காத்திருப்பாள். கடைசியில் அவர் கூட்டுத்தொகையைச் சொல்வார். ஒத்து வந்தால் அடுத்த கணக்கு. வராவிட்டால் முதலிலிருந்து.

பல நாள் வரவில்லை.

ஒருநாள் நான் வந்தபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. காலையில் தொடங்கிய கணக்கு இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"விட்டா நான் வெறும் பிளஸ் டூ தான்," என்றாள். பிறகு எழுந்து விளக்கைப் போட்டாள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாசரே பைக்கில் வந்து இறங்கினார். கையில் புதுக் கார்டு. படத்தோடு. மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு அந்தச் சின்னத் திரையைப் பார்த்தோம்.

கட்டம் போட்ட சட்டையில் பேராசிரியர். கரும்பலகைக்கு நேர் முன்னால் நிற்கிறார். எழுதுகிறார். அவர் முதுகும் முழங்கையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பாடத்திலும் அதே முதுகு.

"மறைச்சுக்கிட்டுல்லா நிக்காரு," என்றாள் ஜெயா. "இதப் பாக்க முடியலேன்னுட்டா நான் அழுதேன்?"

அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளையும் சேர்ந்து சிரித்தது. நாசருக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஜெயா பழைய கார்டையே போனில் திரும்பப் போட்டாள்.

தேர்வு முடிவைப் பார்த்ததும் நாசரின் கடையில்தான். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ரீசார்ஜுக்கு வந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு விடாமல் தட்டினார். கடைசியில் திரையை எங்கள் பக்கம் திருப்பி, "பாஸ்க்கா," என்றார். ஜெயா தன் பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரலால் தொட்டுச் சரிபார்த்த பிறகே நம்பினாள்.

இப்போது அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். இடுப்பில் இருந்த பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. மகள் போனில் இல்லாத பாடம் இல்லை. படம் பளிச்சென்று இருக்கிறது. ஆசிரியரை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாள். நாசர் போன் உறையும் திரைக்கு ஒட்டும் கண்ணாடியும் விற்கிறார். பாட்டு ஏற்ற யாரும் வருவதில்லை. எல்லாம் நல்லதுக்குத்தான். ஆனால் முகம் தெரியாத அந்தப் பேராசிரியர் எங்கள் அடுக்களையில் ஒரு சொந்தக்காரரைப்போல இருந்தார்... இப்போது வரும் ஆசிரியர்களின் குரல் மறுநாளே மறந்துவிடுகிறது.

போன மாதம் ஜெயா இலவசமாகக் கிடைக்கும் ஒரு பாடத்தில் வங்காளம் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கடலோரத்து வட்டக்கோட்டைக்குப் போயிருந்தோம். அங்கே வடக்கிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பத்திடம் போய், பாடத்தில் படித்தபடி வங்காளத்தில் எந்த ஊர் என்று விசாரித்தாள். அவர்கள் திருதிருவென்று விழித்துவிட்டு, ஒடிசா என்றார்கள்.

கூச்சமே இல்லாமல் திரும்பி வந்தாள்.

"இதுல தோத்தா ஒண்ணும் போவாதுல்லா," என்றாள். கடற்காற்றில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்து யாரிடம் கேட்கலாம் என்று பார்த்தாள்.