பேசுகிறோம், பேசினோம்: இரண்டுக்கும் ஒரே சொல்

முதல் தடவை அது எனக்குக் கடலில் வந்தது.

திருகோணமலைத் துறைமுக வாயைத் தாண்டி, திமிங்கலம் பார்ப்பதற்காக ஒரு ஸ்பெயின் குடும்பத்தைப் படகில் கூட்டிச் சென்றிருந்தேன். நான் ஸ்பானிஷ் மொழி வழிகாட்டி. ஆகஸ்ட் மாதத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஸ்பெயின்காரர் நிறைய வருவார்கள். அவர்களுடைய மொழியில் கதைக்க ஊரில் ஆள் குறைவு. என் கணவர் அன்ரன் வான் வண்டி ஓட்டுவார். நான் இடங்களைக் காட்டிக் கதை சொல்வேன். அதுதான் எங்கள் இருவருடைய தொழிலும்.

‘நேற்று மீனவர்களோடு பேசினேன், இந்தப் பக்கம்தான் கண்டார்களாம்’ என்று சொல்ல வாயெடுத்தேன். ‘பேசினேன்’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘ஆப்லே’ என்று சொல்ல வேண்டும். அது வரவில்லை. ‘ஆப்லார், ஆப்லார், ஆப்லார்’ என்று வினையின் மூலவடிவம்தான் திரும்பத் திரும்ப வந்தது. தமிழில் ஒருவர் ‘பேச, பேச, பேச’ என்று சொல்லிக்கொண்டு அதிலேயே நிற்பது போல. வாயின் வலது கடை இழுத்தது. அந்தக் குடும்பத்தின் தாய், வெயில் என்று நினைத்துத் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தாள். சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. நானும் வெயில் என்றே சொன்னேன்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது பேச்சு இப்படி நடுவில் நின்று, முகம் இழுத்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஆகியிருந்தால், தயவுசெய்து அதை வெயிலின் மேல் போடாதீர்கள்.

இரண்டாவது தடவை வானுக்குள் வந்தது. “நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?” என்று அன்ரன் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். ஆனால் தமிழிலும் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். உட்துறைமுக வீதியில் வானைத் திருப்பி நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

அங்கிருந்த இளம் மருத்துவர் அதை வலிப்பு என்றார். நான் நம்பவில்லை. விழவில்லை, நுரை தள்ளவில்லை, நினைவும் தப்பவில்லை. “பேச்சை மட்டும் பிடிக்கிற வலிப்பும் இருக்குது அம்மா” என்று சொல்லி ஸ்கானுக்கு எழுதினார். படத்தில் இடது நெற்றிக்குப் பின்னால் ஒரு வெளிறிய கறை தெரிந்தது. குளியோமா (மூளை நரம்புகளைத் தாங்கி நிற்கும் கலங்களில் முளைக்கும் கட்டி) என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். கொழும்புக்கு அனுப்பினார்கள்.

கொழும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் மெதுவாகப் பேசும் மனிதர். ஆங்கிலத்தில் சொன்னார். கட்டி மெல்ல வளரும் வகையாகத் தெரிகிறது, ஆனால் பேச்சுக்குரிய பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் என்னை விழிப்பில் வைத்துத்தான் அறுக்க வேண்டும். மண்டையைத் திறக்கும்வரை மயக்கம். பிறகு எழுப்புவார்கள். மூளைக்கு வலி தெரியாது. மேற்பரப்பில் சிறு மின்சாரம் வைத்து என்னைப் பேசச் சொல்வார்கள். எந்த இடத்தில் பேச்சுத் தடைப்படுகிறதோ அங்கே கத்தி போகாது.

“எந்தெந்த மொழிகளைச் சோதிக்க வேண்டும்?” என்று கேட்டார்.

“தமிழ், ஸ்பானிஷ்” என்றேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். சில மூளைகளில் ஒரு மொழி இருக்கும் இடத்தில் மற்ற மொழி இருப்பதில்லை. கட்டியின் மேல் ஸ்பானிஷ் மட்டும் இருக்குமானால் என்ன செய்ய வேண்டும் என்பதை நாங்கள் முன்கூட்டியே முடிவுசெய்து சொல்ல வேண்டும் என்றார்.

வெளியே நடைபாதை வாங்கில் உட்கார்ந்துகொண்டு நானும் அன்ரனும் சண்டை பிடித்தோம். தாழ்ந்த குரலில், ஆட்கள் போய்வரும்போது நிறுத்தி நிறுத்தி.

“ஸ்பானிஷ் போனாப் போகட்டும். கட்டி முழுக்கப் போகவேணும்” என்றார் அவர்.

“உங்களுக்கு லேசாச் சொல்ல ஏலும். அது இல்லாட்டி நான் வான்ல ஏறி என்ன செய்யிறது?”

“பக்கத்தில இரு. அது போதும்.”

அந்தப் பதில் எனக்கு ஆறுதல் தரவில்லை, ஆத்திரத்தைத்தான் தந்தது. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்றபடி, கைபேசியில் கேட்டுக் கேட்டுக் கற்ற மொழி அது. என் வாழ்க்கையில் எனக்கு யாரும் தராமல் நானே எடுத்துக்கொண்டது. அதை இன்னொருவர் ‘போகட்டும்’ என்று சொல்லக் கேட்பது கடினமாக இருந்தது. ஆனாலும் மாலையில் மருத்துவரிடம் போய், “தமிழைத் தொடவேண்டாம், மற்றதை நீங்கள் எடுக்கலாம்” என்று நான்தான் சொன்னேன். அன்ரன் என் பின்னால் நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பேச்சுச் சிகிச்சையாளர் ஷிபானா கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணிக்காரி. ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. சத்திரசிகிச்சையின்போது என் முகத்துக்கு எதிரே இருந்து என்னைப் பேசவைப்பவர் அவர்தான். ஸ்பானிஷ் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. அதனால் எனக்கு மனப்பாடமான ஒன்றைச் சோதனைக்கு வைத்துக்கொள்வோம் என்றார்.

ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் உருப்போடுவது ஒழுங்கான ஒரு வினையை. நான் உருப்போட்டது ‘ஆப்லார்’, பேசு. நிகழ்காலம்: ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாயிஸ், ஆப்லான். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். இறந்தகாலம்: ஆப்லே, ஆப்லாஸ்தே, ஆப்லோ, ஆப்லாமோஸ், ஆப்லாஸ்தேயிஸ், ஆப்லாரோன். எதிர்காலத்துக்கு ஆப்லாரே, ஆப்லாராஸ், ஆப்லாரா என்று போகும்.

தமிழெழுத்தில் எழுதிக்கொண்டு வந்த ஷிபானா நிமிர்ந்தார். “ரெண்டு ‘ஆப்லோ’ வருதே அக்கா.”

“முதல் எழுத்தை அழுத்தினா ‘நான் பேசுறன்’. கடைசியை அழுத்தினா ‘அவன் பேசினான்’.”

“சரி, காதால பிடிப்பன். இந்த ‘ஆப்லாமோஸ்’ ரெண்டு?”

“அது ரெண்டும் ஒண்டுதான் மிஸ். பேசுறம், பேசினம். வித்தியாசம் இல்லை.”

“அப்ப நீங்க எந்தக் காலத்தில நிக்கிறீங்க எண்டு எனக்கு எப்படித் தெரியும்?”

“அந்தச் சொல்லில தெரியாது. அடுத்த சொல் வருமட்டும் பொறுக்கவேணும்.”

இருவரும் சிரித்தோம்.

மயக்கத்திலிருந்து எழுப்பியபோது முதலில் தெரிந்தது தாகம். தலையை அசைக்க ஏலாது. ஒரு இரும்புப் பிடி அதை இறுக்கியிருந்தது. விறைப்பு ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை. நீலத் துணிக்குள், கூடாரம் போன்ற இடைவெளியில், ஷிபானாவின் கண்கள் மட்டும் முகக்கவசத்துக்கு மேல் தெரிந்தன. பின்னால் கருவிகள் தட்டில் படும் சத்தம். அந்தச் சத்தத்துக்கும் எனக்கும் நடுவில் என் மண்டை ஓடு இல்லை என்பதை நினைக்காதிருக்க முயன்றேன்.

படங்கள் காட்டினார். கதிரை, மீன், குடை. சொன்னேன். ஒரு இடத்தில் ‘குடை’ தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. “அந்த இடத்தை டொக்டர் வெட்டமாட்டார், பயப்பட வேணாம்” என்றார். இன்னொரு இடத்தில் என் வலது கைவிரல்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கின. யாரோ கட்டளையிட, தலைக்குள் குளிர்ந்த நீர் ஊற்றினார்கள் (மின்சாரத்தால் வலிப்புத் தொடங்கினால் அதை அடக்கும் வழி). துடிப்பு நின்றது. எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டதைக் கேட்டேன். சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்கினார்கள்.

“அக்கா, இப்ப ஸ்பானிஷ். இறந்தகாலம் சொல்லுங்க.”

“ஆப்லே, ஆப்லாஸ்தே, ஆப்லோ, ஆப்லாமோஸ்...”

ஷிபானாவின் கண்கள் அசையாமல் நின்றன. அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

“...ஆப்லாயிஸ், ஆப்லான்.”

அவர் மருத்துவரிடம் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், “இன்னொருக்கா.”

வேறு இடங்களைத் தொட்டுவிட்டு மீண்டும் அங்கே வந்தார்கள். மீண்டும் சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ‘ஆப்லாமோஸ்’ வரைக்கும் இறந்தகாலத்தில் போய், அந்தச் சொல்லில் தடம் மாறி, நிகழ்காலத்தில் இறங்கியிருக்கிறேன். எனக்கு அது தெரியவே இல்லை. சரியாகச் சொன்னதாகவே தோன்றியது. இந்த நோயில் என்னை அதிகம் அச்சப்படுத்தியது அதுதான். பிழையைப் பிழையென்று சொல்ல வேண்டிய இடமே தொடப்பட்டிருந்தது.

அதே இடத்தில் தமிழ் கேட்டார்கள். பேசினோம், பேசினீர்கள், பேசினார்கள். ஒரு தடங்கலும் இல்லை.

கருவிகளின் சத்தம் நின்றது. ஷிபானா குனிந்தார்.

“அக்கா, டொக்டர் கேக்கச் சொல்றார். இந்த இடத்தில தமிழ் இல்ல, ஸ்பானிஷ் இருக்கு. இதுக்குக் கீழதான் கட்டி. நீங்க முன்ன சொன்னதுதான் இப்பவுமா?”

இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரம் வேகமாகக் கூவியது. அது என்னுடைய இதயம் என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அன்ரன் அங்கே இல்லை. சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை.

“எடுக்கச் சொல்லுங்கோ.”

“அழ வேணாம் அக்கா. அழுதா டொக்டருக்கு வேலை செய்ய ஏலாமப் போயிரும்.”

அழவில்லை. வெட்டும் நேரம் முழுவதும் தமிழில் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். கட்டைபறிச்சானுக்கு ஒரு கலியாணத்துக்குப் போன கதையைச் சொன்னேன். மூதூரில் இறங்கினோம், வெயில், சேலை நனைந்தது, சாப்பாடு பிந்தியது. ஷிபானா “பிறகு?” “பிறகு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தபோது எந்த மொழியும் இல்லை. சத்திரசிகிச்சை மேசையில் அவ்வளவு கதைத்தவள் ஊமையாகிக் கிடந்தேன். பேச்சைத் தொடக்கிவைக்கும் பகுதி வீங்கியிருக்கிறது, வீக்கம் வடிந்தால் திரும்பும் என்று மருத்துவர் சொன்னார். ‘அனேகமாக’ என்று ஒரு சொல்லையும் சேர்த்தார். அந்தச் சொல்லோடுதான் நாங்கள் இருவரும் அந்த வாரத்தைக் கழித்தோம்.

அன்ரன் கதைக்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த நாட்களில் விடாமல் கதைத்தார். வானின் சத்தம், பக்கத்துக் கட்டில்காரரின் மகன், கொழும்பு மீனின் ருசியின்மை. கேள்வி கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் தானே பதிலும் சொல்வார். ஒருநாள் காலையில் கஞ்சி ஊட்டினார். போதும் என்று தலையசைத்தேன். “இன்னும் ரெண்டு கரண்டி” என்று நீட்டினார்.

“ஏலாது” என்றேன்.

கரண்டி நீட்டியபடியே நின்றது. “என்ன சொன்னனீ?”

“ஏலாது.”

அவர் எழும்பி, கஞ்சிக் கோப்பையோடு தாதியிடம் போய், “மிஸ், இவ ஏலாது எண்டு சொல்லிப்போட்டா” என்று சிரித்தபடி அழுதார்.

தமிழ் வந்தது, ஆனால் விகுதிகள் பிந்தி வந்தன. ‘நான் குளிக்க’, ‘ஷிபானா வர’ என்பேன். குளித்தேனா, குளிக்கப்போகிறேனா என்று அன்ரன் கேட்டுத்தான் அறிவார். வீட்டுக்கு வந்த பிறகும் ஷிபானா கைபேசி வழியாகப் பயிற்சி தந்தார். மெல்ல மெல்லத் தமிழின் மூன்று காலங்களும் தத்தம் இடத்துக்குத் திரும்பின. இந்தப் படிநிலையில் இருப்பவர்களின் வீட்டாருக்கு ஒன்று சொல்வேன். வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். பொறுத்திருங்கள்.

ஆய்வுக்கூட முடிவு, மெல்ல வளரும் வகைதான் என்றது. ஒரு இரத்தக்குழாயைச் சுற்றி நூலளவு மிச்சத்தை விட வேண்டியிருந்ததாக மருத்துவர் சொன்னார். அது வளர்கிறதா என்று அவ்வப்போது ஸ்கான் எடுத்துப் பார்க்க வேண்டும். வளர்ந்தால் மீண்டும் திறக்க வேண்டும்.

ஸ்பானிஷ் முழுவதும் போகவில்லை. பெயர்ச்சொற்கள் இருக்கின்றன. நிகழ்காலம் இருக்கிறது. இறந்தகாலத்தைத் தேடிப் போனால், கை நீட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை. புதிதாக உருப்போட்டாலும் மறுநாள் தங்குவதில்லை. முதல் மாதங்களில் இதற்காக அழுதேன். அன்ரன் ‘நான் சொன்னனான்’ என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. ‘பக்கத்தில இரு’ என்றும் சொல்லவில்லை. இந்தச் சுற்றுலாப் பருவம் தொடங்கியபோது வானைக் கழுவிவிட்டு, “வாறியா?” என்று மட்டும் கேட்டார்.

போனேன். கோணேசர் மலையில் நின்று, சுற்றுலா வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: அரசன் கோயில் கட்டுகிறான். போர்த்துக்கேயர் வருகிறார்கள். இடிக்கிறார்கள். தூண்கள் கடலில் விழுகின்றன. ஒல்லாந்தர் வருகிறார்கள். அது என் பேச்சின் பாணி என்று அவர்கள் நினைக்கிறார்கள். நன்றாக இருப்பதாகவும் சொல்கிறார்கள். சொல்லும்போது எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. எதுவும் முடிந்துபோனதாகத் தோன்றுவதில்லை.

சென்ற கிழமை அங்கே காற்று பலமாக இருந்தது. என் தலைச் சால்வை விலகியது. வந்திருந்த ஒரு வயதான ஸ்பெயின் பெண் தழும்பைக் கண்டுவிட்டு, என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டாள்.

“மே ஓபெரான்” என்றேன். என்னைச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள்.

அவள் முகம் மாறியது. ஸ்பானிஷில் அப்படிச் சொன்னால், இனி நடக்கப்போகும் சிகிச்சை என்றும் பொருள்படும். என் கையைப் பிடித்துக்கொண்டு, “குவாந்தோ?” என்றாள். எப்போது?

‘செய்தார்கள்’ என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. கடைசியில், “யா” என்றேன். ஏற்கெனவே, ஆயிற்று என்று பொருள் தரும் சிறு சொல். காலம் காட்டும் விகுதி அதற்குத் தேவையில்லை. அவள் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். என் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டாள்.

நான் அவ்வளவு விரைவில் சிரிக்கவில்லை. அடுத்த ஸ்கான் கிட்ட வந்துவிட்டது. ‘எப்போது?’ என்று அவள் கேட்டது பிழை என்று சொல்ல என்னிடம் சான்று எதுவும் இல்லை. வானுக்குப் பக்கத்தில் நின்ற அன்ரன் கையைக் காட்டினார். சால்வையை இழுத்துக் கட்டிக்கொண்டு, போர்த்துக்கேயர் இன்னும் இடித்துக்கொண்டிருக்கும் கோயிலின் பக்கமாக அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.