பதினொரு முகங்களும் ஒரு படிவமும்: ரொறன்ரோவில் சுவர் பார்க்கப் போன சனிக்கிழமை

ரொறன்ரோவின் சுவரோவியங்களை ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். 1988 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் பார்த்தேன். அந்த வழியையே எழுதுகிறேன். ஆனால் அன்று நடந்ததை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோவில் நாங்கள் இருந்த டோர்செட் பார்க் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு பிளாசா. அதன் பின்சுவரில் படம் வரைய உரிமையாளர் சம்மதித்திருந்தார். இலங்கையில், ஊரில் கொல்லப்பட்டவர்களின் முகங்களை வரைவது என்று எங்கள் ஆட்கள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். நம்மவர் கூடினால் முதலில் தலைவர் வருவார், அடுத்ததாகப் படிவம் வரும். வந்தது. பெயர், ஊர், வயது, ஆண்டு, யாரால் என்று ஐந்து கேள்விகள். ஒரு படமும் இணைக்க வேண்டும்.

என் தம்பி ரவிக்காக நான் நிரப்பிக் கொடுத்தேன். மட்டக்களப்பு, இருபத்தொரு வயது, 1986. 'யாரால்' என்ற இடத்தில் 'எங்கட பொடியள்' என்று எழுதினேன். எங்கள் ஆயுத இயக்கங்களே ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட வருடம் அது. அவன் ஒன்றில் இருந்தான், மற்றது பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டது. உடல்கூட வீட்டுக்கு வரவில்லை. படிவம் கேட்டது, உள்ளதை எழுதினேன். தம்பி கனடாவில் சுவரில் வரப்போகிறான் என்று அம்மாவுக்கும் அன்றே கடிதம் போட்டுவிட்டேன். அவசரக்குடுக்கை நான்.

வரைய இருந்தவர் சந்திரன் அண்ணை. யாழ்ப்பாணத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர், இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பனிக்கும் வெயிலுக்கும் எந்த பெயின்ற் தாக்குப்பிடிக்கும் என்பதை நகரத்துச் சுவர்களில் பார்த்துவர வேண்டும் என்றார். எனக்கு அன்று வேலை இல்லை, கூடவே போனேன்.

காலை 9.10க்கு கென்னடி வீதியில் 43ஆம் இலக்க பஸ். சந்திரன் அண்ணையின் கையில் ஒரு மீற்றர் நீளத்துக்குச் சுருட்டிய காகிதம். மீன்பிடிக்கவா போகிறீர்கள் என்று சாரதி கேட்டார். அண்ணை ஓமென்று தலையாட்டினார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவுதான். பதினைந்து நிமிடத்தில் கென்னடி ஸ்ரேஷன். அங்கிருந்து சப்வே, யங் வீதியில் மாறி கிங் ஸ்ரேஷனில் இறங்க முப்பத்தைந்து நிமிடம். அப்போது ஒரு டொலரும் சில்லறையும் கொடுத்தால் பஸ்ஸும் சப்வேயும் ஒரே கட்டணத்தில் முடியும். ட்ரான்ஸ்ஃபர் சீட்டை ஏறும்போதே வாங்கிவிட வேண்டும், பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது.

கிங்கிலிருந்து ஏழெட்டு நிமிட நடையில் ஃப்ரொன்ற் வீதி. அங்கே முக்கோணமாக ஒரு செங்கல் கட்டடம். அதன் முதுகுப் பக்கம் முழுவதும் ஓவியம். ஜன்னல்கள் நிறைந்த ஒரு முகப்பைத் துணியில் வரைந்து, அரைகுறையாக ஆணியடித்துவிட்டுப் போனதுபோல, ஓரங்கள் கழன்று காற்றில் ஆடுவதாகத் தெரியும். எது மெய் ஜன்னல் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"சுவரில கீறேல்லை, ஐசே. பலகையில கீறிப் பூட்டியிருக்கிறாங்கள். மூட்டுத் தெரியுது பாரும்," என்றார் சந்திரன் அண்ணை. வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அன்று மனம்விட்டுச் சந்தோஷப்பட்டது அந்த அரைமணி நேரம் மட்டும்தான்.

பிறகு தண்டவாளத்தில் ஓடும் குவீன் வீதி ஸ்ரீற்காரில் மேற்கே பதினைந்து நிமிடம். ஸ்பாடைனாவில் இறங்கி ஒரு சந்துக்குள் போனோம். அங்கே தொழிலாளர் முகங்கள் வரிசையாக வரைந்த ஒரு சுவர். நாடியிலிருந்து பெயின்ற் உரியத் தொடங்கியிருந்தது. அளவு ஒப்பிட்டுப் பார்க்க, அண்ணை தன் காகிதத்தை நிலத்தில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார். எங்கள் சுவருக்கான மாதிரி அது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். பதினொன்றோடு முடிந்தது.

"அண்ணை, ரவி எங்க?"

"குழு எனக்குத் தந்தது பதினொரு படம்தான்."

"நான் குடுத்தனானே!"

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "நீர் ஏன் ஐசே உள்ளதை எழுதினனீர்? இதில மூண்டு பேரை இலங்கை ஆமி தொடவே இல்லை. தாய் தேப்பன் ஆமி எண்டு எழுதிக் குடுத்தவை. குழு பேசாமல் எடுத்தது."

"அப்ப எல்லாருக்கும் தெரியுமோ?"

"ஆருக்குத் தெரியாது? படிவத்தில இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. புதுப் படிவம் கொண்டுவந்திருக்கிறன். ஆமி எண்டு எழுதித் தாரும், நான் கீறுறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொன்றவர்களுக்கும் நோகக்கூடாது, அழுகிறவர்களுக்கும் சுவர் வேண்டும்! சந்து முனையில் ஒரு டோனட் கடை. இரண்டு கோப்பிக்குச் சொல்லிவிட்டு, அண்ணை புதுப் படிவத்தை மேசையில் வைத்தார். அம்மாவுக்கு எழுதிவிட்டேனே என்று யோசித்தேன். அவனுக்குக் கல்லறை இல்லை, ஒரு சுவராவது இருக்கட்டும் என்று யோசித்தேன். வெட்கமாக இருந்ததா? இருந்தது. எழுதினேனா? எழுதினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஓகஸ்டில் சுவர் முடிந்தது. ரவியின் முகம் அச்சொட்டாக வந்திருந்தது. திறப்பு நாளில் ஒவ்வொரு பெயராக வாசித்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி, 'ஆமியால் கொல்லப்பட்டார்' என்றார்கள். நான் முன்வரிசையில் கைகட்டி நின்றேன். சுவரைப் படமெடுத்து, அதையே அச்சடித்து அன்று கொடுத்த துண்டுப்பிரசுரத்தோடு அம்மாவுக்கு அனுப்பினேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஃப்ரொன்ற் வீதி ஓவியத்தைக் காலையிலேயே பாருங்கள், எதிரே இருக்கும் பூங்காவில் நின்றால் முழுதாகத் தெரியும். குவீன் வீதிச் சந்துகளில் படங்கள் மாறிக்கொண்டே இருக்கும், நான் பார்த்ததைத் தேட வேண்டாம். நல்ல சப்பாத்துப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து மணி நேரம் போதும். எங்கள் பிளாசாச் சுவரைத் தேடி ஸ்காபரோவுக்கு வராதீர்கள். பிளாசா கை மாறியதும் புது உரிமையாளர் வெள்ளை அடித்துவிட்டார். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை.

ஏனென்றால் அந்த வருடமே ஒக்டோபரில் அம்மாவின் பதில் வந்தது. ரவியின் உடல் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்பது அதில்தான் எனக்குத் தெரிந்தது. 'அவன் ஆமிக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் பிள்ளையின் உடலைத் தருகிறோம் என்றார்கள், சுட்டவர்கள். நான் வைக்கவில்லை. துவக்கோடு வந்து நின்றவர்களுக்கே நான் பொய் எழுதிக் கொடுக்கவில்லை, மனே. உனக்கு முன்னால் துவக்கோடு நின்றது யார்?'