குயிலுக்கு ஓர் ஆமென்

இன்று காலை எதிர்வீட்டு முருங்கையில் குயில் கூவியது. எனக்கு உடனே ஏசி வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் பஹ்ரைனில் ஒரு கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஈசா டவுனில், வாடகை ஹாலில், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெள்ளைக்காரர் பாட்டுக்குழு நடத்தினார். பேஸ் என்கிற ஆண்களின் கீழ்க்குரலுக்கு ஆள் பஞ்சம். திருநெல்வேலிக் கிறிஸ்தவனுக்கு வேறெது தெரியாவிட்டாலும் தோ-ரே-மி பார்த்து நான்கு குரலில் பாடத் தெரியும். ரூம் நண்பன் செல்லத்துரை என்னை இழுத்துக்கொண்டு போனான். சங்கீதத்துக்காகப் போனேன் என்றால் நாக்கு அழுகிவிடும். பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வரிசையில் கிரேஸ் என்று ஒரு நர்ஸ் நின்றாள்.

அந்த வருடம் எடுத்த பாட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தில் யாரோ வசந்தத்தை வரவேற்று எழுதியது. பெண்களின் மேல்குரல் சோப்ரானோ குயிலாகக் கூவும், ஆண்களின் மேல்குரல் டெனர் காற்றாக வீசும், பேஸ்காரர்கள் நாங்கள் ஓடையாகச் சலசலக்க வேண்டும். வெளியே கார்க் கதவைத் தொட்டால் கை பழுத்துவிடும் வெயில். உள்ளே பழைய ஏசியின் ஈர வாசத்தில் புல்வெளியைப் புகழ்ந்துகொண்டிருப்போம். "நாம ஓடையாம்ல! ரூம்ல குளிக்கத் தண்ணி வரல," என்பான் செல்லத்துரை.

கச்சேரிக்கு மறுநாள் கிரேஸ் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகிறாள். ஆறு மாதமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை நான். கண்ணாடி முன்னால் பிரமாதமாகப் பேசுவேன். ஹாலுக்குள் நுழைந்தால் நேரே பேஸ் வரிசைக்குப் போய் நின்றுகொள்வேன். "ஏல, இன்னைக்குப் பேசலன்னா கலாஸ்," என்றான் செல்லத்துரை, கச்சேரியன்று.

பாட்டு அருமையாக முடிந்தது. வெள்ளைக்காரர் கையை இறக்கினார். ஹாலே மூச்சடக்கி இருந்தது. சிறு வயதிலிருந்து கோயிலில் எந்தப் பாட்டையும் ஆமென் இல்லாமல் முடித்தறியாத என் தொண்டை, அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது. "ஆஆ..." குயிலுக்கும் புல்லுக்கும் எதற்கு ஆமென்? முதலெழுத்து வெளியே போன பிறகுதான் உறைத்தது. விழுங்கவும் முடியவில்லை. வெள்ளைக்காரர் முகம் தக்காளியாகிவிட்டது. செல்லத்துரை, துரோகி, கூரையைப் பார்த்தான். என் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

அப்போது ஆல்ட்டோ வரிசையிலிருந்து இன்னொரு 'ஆ' வந்து சேர்ந்தது. அச்சு அசல் நாகர்கோவில் கோயில் ஆமென்! இருவரும் நிதானமாக 'மென்' வரைக்கும் போய் முடித்தோம். அதுவும் பாட்டில் உள்ளதுதான் என்று ஜனங்கள் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் கிரேஸ்தான் பேசினாள். "தனியா விட்டா அசிங்கமா இருக்குமேன்னு சேந்தேன். உங்களுக்கு ஊரு எது?" ஊரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், அப்பா பெயரையும் சொன்னேன். செல்லத்துரை இழுக்காவிட்டால் ஞானஸ்நானத் தேதியையும் சொல்லியிருப்பேன். அடுத்த டிசம்பரில் பாளையங்கோட்டையில் கல்யாணம்.

இருபத்தைந்து வருடம் சமையலறையில் அந்தப் பாட்டின் ஆல்ட்டோவைத்தான் முணுமுணுத்தாள். தனியாகக் கேட்டால் அது பாட்டே இல்லை. இரண்டு மூன்று சுரத்தையே சுற்றிச் சுற்றி வரும். "வேற நல்ல பாட்டே கெடைக்கலியா?" என்று கேலி செய்வேன். "நீங்க பேஸப் பாடுங்க, சரியாயிரும்," என்பாள். பேப்பர் படிக்கிறேன் என்பேன், பாவி.

அவள் போய் இரண்டு வருடமாகிறது. அந்தப் பாட்டை எத்தனையோ குழுக்கள் பாடியிருக்கின்றன. எல்லாவற்றையும் போனில் போட்டுக் கேட்டுவிட்டேன். குயில் கூவுகிறது, காற்று வீசுகிறது, ஓடையும் ஓடுகிறது. அந்த ஆல்ட்டோவை மட்டும் என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை.