பிஞ்சு மேடம்

"டேய், நீ இன்னும் வளரலையா?" என்று மேடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதிரே ஆள் கிடையாது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில், கண்ணாடித் துண்டில் தடவி ஊதா நிறம் ஏற்றிய ஒரு சொட்டு எலும்பு மஜ்ஜைதான் இருக்கிறது. கண் இரண்டும் அதிலேயே இருக்க, விரல் மட்டும் எண்ணும் பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்து, அதோடு முப்பது வருஷமாக மல்லுக்கட்டுகிறவர். ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் குறை சொல்வதுபோல இருக்கும். "மஜ்ஜைல பொறக்குற செல்லு வளரணும், வேலைக்குப் போகணும், வயசானா போய்ச் சேரணும். இது எதுவும் பண்ணாது. பிஞ்சாவே உக்காந்து தின்னுட்டு, தன்னை மாதிரியே கூட்டம் சேத்துக்கும். வேலை செய்யறவனுக்கு எடமே இருக்காது." மாணவர்களுக்கும் இதே விளக்கம்தான், ஆய்வகத்தைப் பார்வையிட வந்த மந்திரிக்கும் இதேதான். வேலை தேடிக்கொண்டிருக்கும் அவர் மகன், "எங்கம்மா ஆராய்ச்சி பண்றதே என்னைப் பத்தித்தான்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறான்.

வாய் ஓயாமல் பிஞ்சு, பிஞ்சு என்றதில், ரிட்டையர் ஆகப்போகிற மனுஷிக்குப் 'பிஞ்சு மேடம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. காதில் விழும், கண்டுகொள்ள மாட்டார். வெளுத்த முகத்தைக் கண்டால்தான் கை சும்மா இருக்காது. ஒருமுறை பாங்க் காஷியரின் கீழ் இமையை இழுத்தே பார்த்துவிட்டார். "ரத்தம் கம்மியா இருக்கு, டெஸ்ட் பண்ணிக்கோங்க. பணத்தை மெதுவா எண்ணுங்க, அவசரமில்ல" என்றார்.

அந்தப் பிஞ்சுகளைக் கொல்லாமல், வளரவைத்து வேலைக்கு அனுப்புகிற ஒரு மாத்திரை. மேடத்தின் பாதி வாழ்க்கை அதற்கே போயிற்று. இப்போதுதான் முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். முதல் ஆள் ஒரு பஸ் டிரைவர். அவருடைய ஸ்லைடை மட்டும் மேடம் தொடுவதில்லை. "என் புள்ள பேப்பரை நானே திருத்தினா வெளங்குமா?" என்பார். வேறு இரண்டு பேர்தான் எண்ணுவார்கள்.

போன வாரம் அந்த ஏற்பாடு காலை வாரிவிட்டது. ஐந்நூறு செல்களில் பிஞ்சு இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால் நோய் அடங்கிவிட்டது என்று கணக்கு, டிரைவர் வீட்டுக்குப் போகலாம். ஒருவர் இருபத்து நான்கு என்றார், மற்றவர் இருபத்தைந்து என்றார். சேர்ந்து உட்கார்ந்து பார்த்தும் ஒரே ஒரு செல்லில் தகராறு. அப்படி ஆனால் ஆய்வகத் தலைவர்தான் முடிவு சொல்ல வேண்டும். தலைவர் யார்? இவரேதான்.

"வளந்துடுச்சு மேடம். உள்ள மடிப்பு விழ ஆரம்பிச்சிருக்கு பாருங்க" என்றார் இருபத்து நான்கு சொன்னவர்.

மேடம் பார்த்தார். மடிப்பு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. முப்பது வருஷத்தில் எந்தச் செல்லிடமும் 'வளந்துடுடா' என்று அவர் மனசுக்குள் அப்படிக் கெஞ்சியதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மருந்து ஜெயித்த மாதிரிதான். யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

"பிஞ்சுதான். எழுதிக்கோங்க" என்றார்.

சேதியைச் சொல்ல வேறு யாரையும் அனுப்பாமல் தானே வார்டுக்குப் போனார். டிரைவர் முகச்சவரம் செய்து, வெளியே போகிற சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அலமாரியைக் காலிசெய்து, பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தார்.

மேடத்தின் முகத்தைப் பார்த்ததுமே டிரைவருக்குப் புரிந்துவிட்டது. "எவ்வளவு மேடம் பாக்கி?"

"ஒரே ஒரு செல்லு. மருந்து கேக்குது, அதுல சந்தேகமில்ல. ஆனா இன்னும் ஒரு மாசம் இங்க இருந்துதான் சாப்பிடணும்."

"ஒண்ணுதானே, கண்டும் காணாம விட்டிருக்கக் கூடாதா?" என்றார் மனைவி. கோபமில்லை, அலுப்புதான்.

"எனக்கும் ஆசைதாம்மா. வீட்டுக்குப் போனப்புறம் அது தலை தூக்கினா?"

"விடு. பிரேக்கு சந்தேகம்னா நான் வண்டிய எடுப்பேனா?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, டிரைவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி கதவோரத்துப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் போய்ப் பையை எடுத்துவந்தார். கட்டிலில் வைத்துத் திறந்து, துண்டு, சோப்பு டப்பா, சீப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து, அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தார்.